வீடுபேறும் நிருவாணமும்

"ஆறுகள் பலவாயினும் அவை சென்று சேரும் கடல் ஒன்றுதானே, சுவாமி!" சமயங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் பங்குமக்களில் எவரேனும் ஒருவர் இவ்வாறு சொல்லிப் பேச்சை முடித்து வைப்பது வழக்கம். பிற சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழ்ந்து, ஒருவர் வீட்டு நன்மை தீமைகளில் மற்றவர் கலந்துகொள்ளும் மக்களுக்கு இச்சொல் எளிதில் வாயில் வருவது இயல்பே. அதில் நல்லெண்ணம் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்த உவமை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோர் மிகச் சிலரே.

அது மிகப் பழைய உவமை. சாந்தோக்கிய உபநிடதத்திலும் முண்டக உபநிடதத்திலும் அது வருகின்றது. அங்கே ஆறுகள் எனப்படுபவை சமயங்கள் அல்ல, உயிர்கள். ஆறுகள் தம் பெயரையும் வடிவையும் இழந்து கடலோடு ஒன்றாவது போல, மெய்யுணர்ந்தவனும் தன் பெயரையும் வடிவையும் துறந்து பரம்பொருளை அடைகின்றான் என்பதே முண்டகம் கூறும் கருத்து. பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களுள் ஒன்றாகிய உதானத்திலும் அதே ஆறுகளும் அதே கடலும் வருகின்றன. கங்கை, யமுனை முதலிய பேராறுகள் கடலிற் புகுந்ததும் தம் பழைய பெயரை இழப்பது போல, நான்கு வருணத்தாரும் சங்கத்திற் சேர்ந்ததும் தம் குலப்பெயரை இழந்து, சாக்கியரின் துறவியர் என்னும் ஒரே பெயரைப் பெறுகின்றனர் என்று புத்தர் அங்கே விளக்குகின்றார். அதோடு நிற்கவில்லை. எத்தனை ஆறுகள் பாய்ந்தாலும் கடல் நிறைவதாகவோ குறைவதாகவோ தோன்றுவதில்லை. அவ்வாறே எத்தனை துறவியர் நிருவாணம் எய்தினாலும் அதனால் அங்கே கூடுதலும் இல்லை, குறைதலும் இல்லை என்கின்றார்.

உவமை ஒன்றே, ஆனால் அது சுட்டுவது ஒன்றன்று. முன்னதில் உயிர் சென்று கலப்பதற்கு ஒரு பரம்பொருள் இருக்கின்றது. பின்னதில், கலப்பது எது, கலக்கப்படுவது எது என்னும் கேள்விக்கே இடமில்லை. ஆகவே, "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும்போது நாம் இரு சமயத்தாரையும் மதிப்பதாக எண்ணிக்கொள்கின்றோம். உண்மையில் இருவர் சொல்வதையும் காதில் வாங்காமல் விட்டுவிடுகின்றோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு வேறுபாட்டிற்காகவே அவர்கள் தம்முள் வாதிட்டு வந்திருக்கின்றனர்.

முதலில் அவர்களுக்குப் பொதுவானதைப் பார்ப்போம். உயிர்கள் செய்த வினைக்கு ஏற்ப மீண்டும் மீண்டும் பிறக்கின்றன என்பது இருவருக்கும் உடன்பாடு. இங்கே நம்மவர் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. மறுபிறவி என்பதை ஓர் ஆறுதலாக, இன்னொரு வாய்ப்பாக நாம் எண்ணுகின்றோம். திரைப்படங்களும் அவ்வாறே காட்டுகின்றன. இப்பிறவியில் சேராத காதலர் அடுத்த பிறவியில் சேர்கின்றனர். இந்திய ஞானியருக்கோ மறுபிறவி மருந்து அன்று, நோய். அவர்கள் அஞ்சியது இறப்புக்கு அன்று. மீண்டும் மீண்டும் இறப்பதற்கு. உபநிடதங்களுக்கு முற்பட்ட பிராமண நூல்களிலேயே 'மீள்சாவு' என்னும் அச்சம் பேசப்படுகின்றது. இந்தச் சுழலிலிருந்து வெளியேறுவதே மோட்சம், அதுவே வீடு. தமிழில் 'வீடு' என்னும் சொல் 'விடு' என்பதிலிருந்து பிறந்தது. குடியிருக்கும் இல்லத்திற்கும் பற்றை விட்ட நிலைக்கும் ஒரே சொல்லை வழங்கியது நம் மொழியின் அழகு. 'நிருவாணம்' என்பதோ விளக்கு அணைவதைக் குறிக்கும் சொல். பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருள் ஏற்பட்டுவிட்டமையால் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு.

நாம் வழங்கும் 'மீட்பு' என்னும் சொல் இவ்விரண்டினின்றும் வேறானது. அடகு வைத்த நகையை மீட்கின்றோம். அதாவது, விலை கொடுத்து உரியவரிடம் திரும்பச் சேர்க்கின்றோம். அச்சொல்லிலேயே மீட்பவர் ஒருவர் இருக்கின்றார். வீடு, நிருவாணம் என்னும் சொற்களில் அவ்வாறு ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

இனி வேறுபாட்டிற்கு வருவோம். பிரகதாரணியக உபநிடதத்தில் ஓர் உரையாடல் உண்டு. யாக்ஞவல்கியர் இல்லறம் விட்டுக் கானகம் செல்லப் புறப்படுகின்றார். மனைவியர் இருவர், சொத்தைப் பிரித்துக் கொடுக்க முற்படுகின்றார். அவர்களுள் மைத்திரேயி, உலகம் நிறைந்த செல்வம் கிடைத்தாலும் அதனால் சாவை வெல்ல முடியுமா என்று கேட்கின்றாள். முடியாது என்கின்றார் கணவர். அப்படியாயின் அது எனக்கு எதற்கு, நீர் அறிந்ததைச் சொல்லும் என்கின்றாள். அவர் சொல்கின்றார்: நீரில் இட்ட உப்புக் கட்டி கரைந்தபின் அதைத் தனியே எடுக்க இயலாது, எந்தப் பக்கம் சுவைத்தாலும் உப்பே. அதுபோல எங்கும் நிறைந்த ஆன்மாவில் கலந்தபின் 'நான்' என்னும் தனி உணர்வு இல்லை. இதைக் கேட்டு மைத்திரேயி திகைத்துப் போகின்றாள். உணர்வே இல்லையென்றால் அது என்ன பேறு? அவள் திகைப்பு இயற்கையானது. அந்நூலும் அதை மறைக்கவில்லை. இரண்டாவது என ஒன்று இருந்தால்தானே ஒருவர் மற்றொன்றைக் காண்பார்? எல்லாம் தானேயாகிவிட்டபின் யார் யாரைக் காண்பது? இவ்வாறு விளக்கிவிட்டு முனிவர் புறப்பட்டுவிடுகின்றார்.

மைத்திரேயியின் திகைப்பு இந்து சமயத்துக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. 8-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சங்கரர், உயிரும் பரம்பொருளும் என்றுமே இரண்டல்ல என்றும், இரண்டு என்று எண்ணும் அறியாமை நீங்குவதே மோட்சம் என்றும் போதித்தார். திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசரோ தம் பிரம்மசூத்திர உரையில் அதை வன்மையாக மறுத்தார். 'நான்' அழிந்துபோவதுதான் மோட்சம் என்று சொன்னால் அந்தப் பேச்சு வந்த இடத்திலிருந்தே மனிதன் எழுந்து போய்விடுவானே, அதற்காக எவன் பாடுபடுவான் என்பது அவர் வாதம். வைணவருக்கு வீடு என்பது இறைவனோடு என்றும் உறவு கொண்டு அவருக்குத் தொண்டு செய்யும் வாழ்வு.

சைவ சித்தாந்திகள் இரண்டுக்கும் நடுவில் ஓர் அரிய வழியைக் கண்டார்கள். பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்கள் உயிரைப் பிணித்திருக்கின்றன. மலம் பக்குவப்பட்ட காலத்தில் இறைவனே குருவாக வந்து அருள் பாய்ச்சி அப்பிணிப்பை அறுக்கின்றார். அதன்பின் உயிரும் சிவமும் கூடும் கூட்டம் எத்தகையது? உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் தமிழ் இலக்கணத்திலிருந்தே உவமை தருகின்றார். 'தாள்' என்னும் சொல்லும் 'தலை' என்னும் சொல்லும் புணரும்போது 'தாடலை' என்றாகின்றது. அதை ஒரு சொல் என்பதா, இரு சொல் என்பதா? உயிர் அழியவும் இல்லை. பிரிந்து நிற்கவும் இல்லை. இறைவனின் திருவடியில் அடியவனின் தலை என்னும் பொருளும் அதில் ஒளிந்திருக்கின்றது. குருமடத்தில் கற்ற மெய்யியல் நூல்கள் எவற்றிலும் இத்துணைச் சுருக்கமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

பௌத்தம் வேறு திசையில் செல்கின்றது. சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்தபின் ஆளார காலாமர், உத்தக ராமபுத்திரர் என்னும் இரு ஆசிரியரிடம் தியானம் பயின்றார். அவர்கள் கற்பித்த உயர்நிலைகளையெல்லாம் எட்டியபின், இவை துன்பத்தை வேரறுக்கவில்லை என்று கண்டு விலகினார். புத்தகயையில் மெய்யறிவு பெற்றபின் காசிக்கு அருகில் இசிபதனத்தில் ஐந்து துறவியர்க்கு அறம் உரைத்தார். துக்கம், அதற்குக் காரணமாகிய வேட்கை, அதன் நீக்கம், நீக்கும் வழியாகிய எட்டு உறுப்புள்ள நெறி என்னும் நான்கு உண்மைகளை முதலில் போதித்தார். அவர்களுக்கே அடுத்து உரைத்தது அனாத்மம்: உடலோ, உணர்ச்சியோ, அறிவோ, இவற்றில் எதுவும் 'நான்' அல்ல, 'நான்' என்றிருந்தால் அது என் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டிருக்குமே! நோய் வராதே என்றால் உடல் கேட்கின்றதா?

ஆன்மாவை அறிவதே வீடு என்றார் யாக்ஞவல்கியர். ஆன்மா என்று பற்றிக்கொள்ளும் எண்ணமே கட்டு என்றார் புத்தர். இதைவிடப் பெரிய கருத்து வேறுபாடு இருக்க முடியுமா?

நிலையான ஆன்மா இல்லையென்றால் மறுபிறவி எடுப்பது எது என்று எவரும் கேட்பர். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வட மேற்கிந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மிலிந்தனும் அவ்வாறே கேட்டதாக அவன் பெயரால் வழங்கும் பாலி நூல் கூறுகின்றது. நாகசேனர் என்னும் துறவி, ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கிலிருந்து எது புறப்பட்டுப் போயிற்று என்று அரசனைத் திருப்பிக் கேட்கின்றார். சுடர் தொடர்கின்றது, கடந்து சென்ற பொருள் என்று ஒன்றுமில்லை.

அப்படியாயின், எண்ணெயும் திரியும் தீர்ந்து விளக்கு அணைந்தபின்? வச்சகோத்தர் என்னும் துறவி இதையே கேட்டார். நிருவாணம் எய்தியவர் சாவுக்குப்பின் இருக்கின்றாரா, இல்லையா? புத்தர் 'இருக்கின்றார்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. அணைந்த நெருப்பு கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்று கேட்பது எப்படிப் பொருந்தாதோ, அப்படியே இதுவும் பொருந்தாது என்றார். கேள்வி கேட்கும் முறையே தவறு என்பது விடை.

'நிருவாணம் என்பது சூனியம். பௌத்தர்கள் ஒன்றுமில்லாமற் போவதற்காகத் தவம் செய்கின்றார்கள்' என்று நம் பழைய மறைவிளக்க நூல்கள் சில எழுதிவிட்டன. நம்மில் பலர் இன்றும் அவ்வாறே பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். இக்கருத்து புத்தர் காலத்திலேயே எழுந்தது. யமகர் என்னும் துறவி, அருகதர் இறந்தபின் அழிந்தே போகின்றார் என்று பேசித் திரிந்தார். புத்தரின் தலைமைச் சீடராகிய சாரிபுத்தர் அவரை அழைத்துத் தொடர்ந்து கேள்விகள் கேட்டு, அது தவறான கொள்கை என்று அவரையே ஒப்புக்கொள்ளச் செய்தார். 'அழிவுக் கொள்கை' என்று பெயரிட்டு அதை விலக்கி வைத்தது பௌத்தம். நிருவாணத்தில் அணைவது ஆசை, பகை, மயக்கம் என்னும் மூன்று தீ. அதற்கு அப்பால் உள்ளதைச் சொல்லால் அளக்க அவர்கள் மறுக்கின்றார்கள். இறைவனைப் பற்றி 'இதுவன்று, இதுவன்று' என்றே பேச முடியும் என்று நம் திருச்சபைத் தந்தையர் சிலரும் எழுதியிருப்பதை அறிந்தவர்கள் இந்த மறுப்பைக் கண்டு ஏளனம் செய்யமாட்டார்கள்.

இச்சிறு வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பது 1995-இல் வெளிப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான தம் நூலொன்றில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பௌத்தத்தின் மீட்புக் கொள்கை ஏறக்குறைய முழுவதும் எதிர்மறையானது என்னும் கருத்தை எழுதியிருந்தார். 1995 சனவரியில், யோசேப்பு வாசு அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்க அவர் கொழும்புக்கு வந்தபோது, பௌத்த பீடங்களின் தலைவர்கள் பல்சமயக் கூட்டத்தைப் புறக்கணித்தனர். திருத்தந்தை அக்கூட்டத்தில் பௌத்தர்கள்பால் தமக்குள்ள உயர்மதிப்பை எடுத்துரைத்தார்; ஆயினும் மனப்புண் உடனே ஆறவில்லை. இருபது ஆண்டுகளுக்குப்பின், 2015 சனவரி 14-ஆம் நாள், அதே வாசு அடிகளாரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிசு, முன்னறிவிப்பு இல்லாமல் கொழும்பிலுள்ள ஒரு பௌத்த விகாரைக்குச் சென்றார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படும் பேழையைத் துறவியர் அவருக்காகத் திறந்து காட்டினர். அதிலிருந்தவை சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோருடையவை என்று அவர்கள் போற்றும் திருப்பண்டங்கள். யமகரைத் திருத்திய அதே சாரிபுத்தர்தாம்.

அடுத்து, கட்டை அவிழ்ப்பது யார் என்னும் கேள்வி. 'இந்துக்கள் இறைவனை நம்புகின்றார்கள், பௌத்தர்கள் தம்மையே நம்புகின்றார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். தேரவாத பௌத்தத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. தம் இறுதி நாட்களில் ஆனந்தருக்குப் புத்தர் கூறியதும், தம்மையும் அறத்தையும் அன்றி வேறு புகலிடம் தேடவேண்டாம் என்பதே. ஆனால் சீனத்திலும் ஜப்பானிலும் பரவிய மகாயானத்தில் அமிதாப புத்தரின் திருப்பெயரை நம்பிக்கையோடு சொல்பவரை அவரே தம் தூய நாட்டில் சேர்த்துக்கொள்வார் என்னும் நெறி வளர்ந்தது. 1173 முதல் 1263 வரை வாழ்ந்த ஷின்ரான், மனிதனின் சொந்த முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை. அந்த நம்பிக்கைகூட அமிதாபர் தரும் கொடையே என்று போதித்தார். 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அலெசாந்திரோ வலிஞ்ஞானோ இதைக் கண்டு, இது லூத்தரின் போதனை போலல்லவா இருக்கின்றது என்று வியப்பும் சினமும் கொண்டு எழுதினார்!

வைணவருக்குள்ளும் இதே வழக்கு உண்டு. குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கின்றது. பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்கின்றது. உயிர் தன் பங்குக்கு இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பர் வடகலையார். அவரே கவ்விச் செல்வார் என்பர் தென்கலையார். அருளும் முயற்சியும் பற்றி நம் இறையியலார் எத்தனை நூற்றாண்டுகள் வாதிட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டேன். இவ்வகையில் பார்த்தால் பிள்ளை லோகாசாரியாருக்கு அருகில் நிற்பவர் சங்கரர் அல்லர், ஷின்ரானே. 1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, பிற சமயங்கள் பற்றிய அறிக்கையிலும், பௌத்தர் தம் முயற்சியாலோ மேலான துணையாலோ ஒளி பெற நாடுகின்றனர் என இரு வகையையும் சேர்த்தே குறித்திருக்கின்றார்கள். அவசரமாகப் படிப்போர் அந்த 'அல்லது' என்பதைக் கவனிப்பதில்லை.

இந்த வாதங்களெல்லாம் எங்கோ வடக்கிலும் கடல் கடந்தும் நடந்தவை அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் நாயகி வஞ்சியில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டு, எதிலும் மனம் நிறைவுறாமல், காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்டு நோன்பு ஏற்கின்றாள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தக் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்துவிட்டு, அதன்பின் மறுக்கின்றார். எதிரியின் கருத்தை அவன் வாயால் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கும் அந்தப் பழக்கம் நம் மேடைப் பேச்சாளர்களுக்கு வாய்த்தால் நன்று. நாகப்பட்டினத்தில் முதலாம் இராசராச சோழன் காலத்தில், சைவ மன்னனின் ஆதரவோடு, சூடாமணி விகாரை எழுந்தது. ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் அதற்கு வழங்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. அரசின் இசைவு பெற்று அதை இடித்தவர்கள் நம் இயேசு சபைக் குருக்களே. இதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

விடுதலை யாருக்கு உரியது என்பதைச் சொல்லாமல் விட இயலாது. வேதம் ஓதும் உரிமை சூத்திரருக்கு இல்லையென்பதைச் சங்கரரின் உரையும் ஏற்கின்றது. இராமானுசரின் உரையும் ஏற்கின்றது. ஆனால் திருக்கோட்டியூரில் தம் ஆசிரியர் மறைவாகக் கொடுத்த மந்திரத்தை, சொன்னால் நரகம் என்று தெரிந்தும், கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் இராமானுசர் உரைத்தார் என்று வைணவ மரபு போற்றுகின்றது. பலர் வாழ்வுபெற நான் ஒருவன் நரகுக்குச் செல்வேன் என்னும் அந்த மனமும், எல்லா உயிரும் கரையேறும்வரை தான் நிருவாணம் புகேன் என்று உறுதி பூணும் போதிசத்துவரின் மனமும் ஒன்றையொன்று அறியும். சாதியால் நசுக்கப்பட்டோர்க்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வி அன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். நிருவாணம் என்பது ஆசையை அடக்கி நன்னெறியில் நிற்கும் இவ்வுலக வாழ்வே என்பது அவர் கண்ட பொருள். மரபுவழித் துறவியர் அதை முழுவதும் ஏற்பதில்லை.

கொள்கை ஒருபுறம் இருக்க, வீட்டில் சாவு நேர்ந்தால் மக்கள் செய்வது என்ன? வினை அவரவரைச் சேரும் என்று இரு சமயமும் கற்பிக்கின்றன. இறந்தவர் வேறு பிறவிக்குச் சென்றுவிட்டார் என்றால் நாம் அவருக்குச் செய்ய என்ன இருக்கின்றது? ஆயினும் இந்துக் குடும்பங்களில் மகன் நீர்க்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்கின்றான். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கின்றான். ஆன்மா இல்லை என்று கற்ற இலங்கைப் பௌத்தர் வீட்டிலும், துறவியர் ஓத, உற்றார் சேர்ந்து ஒரு கெண்டியிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்க்கின்றார்கள். கிண்ணம் நிறைந்து வழியும்வரை வார்க்கின்றார்கள். பிம்பிசார அரசன் புத்தருக்கு உணவளித்தும் அதன் புண்ணியத்தை இறந்த உறவினர்க்கு உரித்தாக்க மறந்தமையால், அவர்கள் இரவில் சுவருக்கு வெளியே நின்று அழுதார்கள் என்பது அவ்வழக்கத்திற்குச் சொல்லப்படும் கதை.

எவரும் எவரையும் கரையேற்ற முடியாது என்னும் கொள்கைக்கு இது முரண் அல்லவா என்று கேட்டால், தேரவாதத் துறவியர் விடை வைத்திருக்கின்றார்கள். நாம் செய்த நற்செயலைக் கண்டு இறந்தவர் மகிழ்கின்றார். அம்மகிழ்ச்சி அவர் மனத்திலேயே எழும் நல்வினை. ஆதலால் அவர் உய்வது அவருடைய வினையாலேயே என்கின்றார்கள்.